கௌசியின் போன் பழுது

கௌசியின் போன் பழுது. ஊரில் இருந்த அவளுடைய தாய்க்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. போன் உண்மையிலேயே பழுதுதான். மற்றதைத்தான் சொல்லவில்லை.

மற்றது இது. வேலைக்குப் போகும் வழியில், லண்டன் ரெய்னர்ஸ் லேன் ரயில் நிலையத்துப் படிக்கட்டில் கௌசி விழுந்தாள். மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் படிக்கட்டின் அடியிலேயே தங்களால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தார்கள். பிறகு கையுறைகளைக் கழற்றிவிட்டார்கள். கையிலிருந்த போன் அவளுக்கு முன்பே உருண்டு கீழே போய்ச் சேர்ந்திருந்தது. அதை யாரோ பொறுக்கி நிலைய ஊழியரிடம் கொடுத்தார்கள். அது கைமாறி, கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அவளுடைய கணவன் பவித்திரனிடம் வந்தது. காலையில் "பாலை மறந்துபோகாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனவளின் போன். அன்று பின்னேரம் அவன் பால் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தான். ஏன் வாங்கினான் என்று இன்றுவரைக்கும் அவனுக்குத் தெரியாது.

தாயிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தவர் கௌசியின் அண்ணன் கனகலிங்கம். லூயிஷாமில் பெட்ரோல் நிரப்பும் செட் நடத்துகிறவர். குடும்பத்தில் எந்த முடிவும் அவர் வாயிலிருந்துதான் வரும். தாய் சிவனேஸ்வரிக்குக் கொழும்பில் இருதய ஒப்பரேசன் முடிந்து சொந்த ஊர் கரவெட்டிக்குத் திரும்பி அதிக நாள் ஆகியிருக்கவில்லை. அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"அடுத்த செக்கப் முடியட்டும்," என்றார் கனகலிங்கம். "அதுவரைக்கும் ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. தங்கச்சியும் போய், அம்மாவும் போனால் நான் என்னடா செய்யிறது?"

பவித்திரன் தலையாட்டினான். அந்த வாரம் யார் எதைச் சொன்னாலும் அவன் தலையாட்டினான். சவப்பெட்டியின் நிறத்துக்கும் தலையாட்டினான். இணையத்தளங்களில் மரண அறிவித்தல் போட வேண்டாம், ஊரில் யாராவது பார்த்துத் தாயிடம் சொல்லிவிடுவார்கள் என்றபோதும் தலையாட்டினான். அதனால் கௌசியை அறிந்தவர்களில் பாதிப்பேருக்கு அவள் போனது தெரியாமலே போயிற்று. முருங்கைக்காய் வாங்கப் போன கடையில் காசு வாங்கும் மெற்றில்டா அக்கா, "எங்க உங்கட மனிசியைக் காணேல்லை?" என்று கேட்டார். "வேலை," என்றான். வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றான். பல பஸ்கள் வந்து போயின. ஏறத் தோன்றவில்லை.

கௌசி அழைக்காததற்குத் தாய்க்கு இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன. ஒன்று, கௌசிக்குத் தொண்டையில் கிருமி, குரல் போய்விட்டது, கதைக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அது கனகலிங்கத்தின் கற்பனை. இரண்டாவது, போன் பழுது, அதனால் எழுதவும் முடியாது. அது மெய்.

சிவனேஸ்வரி அம்மா சும்மா இருக்கிற ஆள் இல்லை. மகளின் குரலைத் திருத்த முடியாது. போனைத் திருத்தலாம் அல்லவா? லண்டனில் மத்தியானம், கரவெட்டியில் விளக்கு வைத்து முடிந்த நேரம், பவித்திரனின் போனுக்கு வீடியோ அழைப்பு வரும். கூட இருந்து பார்த்துக்கொள்ளும் பெறாமகள், தங்கையின் மகள் புனிதாதான் தன் போனில் எடுத்துக் கொடுப்பாள். புனிதாவுக்கு விஷயம் தெரியும். போனைப் பெரியம்மாவுக்கு நேரே பிடித்துவிட்டுத் தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"தம்பி, என்ன மாதிரி? போன் சரிவந்ததோ?"

"இல்லை மாமி."

"சார்ச் ஏறுதோ?"

"வயரைக் குத்தினால் பற்றரிப் படம் வருது. பிறகு அணைஞ்சு போகுது."

"அந்த வயர் குத்திற வாயைத் துப்புரவாக்கிப் பார்த்தனீங்களோ? பொக்கற்றுக்க கிடந்து பஞ்சு அடைச்சிருக்குமாம். நெல்லியடியில போன் திருத்திற முருகேசன் சொன்னவர். பல்லுக்குச்சியால மெல்லமாத் தோண்டட்டாம். ஊசியால குத்தப்படாதாம்."

"தோண்டினனான் மாமி. பஞ்சு வந்தது."

"வந்ததோ! பாத்தியோ புனிதா, முருகேசன் சொன்னால் சொன்னதுதான்." பிறகு முகம் மாறும். "ஏன் தம்பி, நான் தெரியாமல்தான் கேக்கிறன். லண்டனில ஒரு புதுப் போன் வாங்க வழியில்லையோ? இஞ்ச மீன் விக்கிறவனே புதுப் போன் வைச்சிருக்கிறான்."

"அவவுக்கு இதுதான் விருப்பம் மாமி."

"அவவுக்கு விருப்பமோ, உங்களுக்குக் கை இறுக்கமோ?"

புனிதா மறுபக்கம் திரும்பி இருமுவாள். கஞ்சன் என்று பெயர் எடுப்பது பவித்திரனுக்குப் பாரமாக இல்லை. அந்த நாட்களில் அவனுக்கு எதுவுமே பாரமாகத் தெரியவில்லை. பல் தீட்டிவிட்டு, தீட்டினேனா என்று யோசித்து, மறுபடி தீட்டுவான். அவன் வேலை செய்த கவுன்சில் அலுவலகத்தில் லீவு கொடுத்திருந்தார்கள். வீட்டில் செய்வதற்கு இருந்தது அந்தப் போன் ஒன்றுதான்.

உண்மையில் கௌசிக்கு அந்தப் போனில் தனிப் பிரியம் ஒன்றும் கிடையாது. பின்மூடியை நகத்தால் நெம்பிக் கழற்றக்கூடிய பழைய காலத்து மொடல். புதிது வாங்குவோம் என்று அவன் சொல்லும்போதெல்லாம், "இது வேலை செய்யுதுதானே, பிறகென்ன?" என்பாள். அவ்வளவுதான்.

அவன் அதைத் திருத்தத் தொடங்கியது ஏதும் ஆசையினால் அல்ல. மாமி நாளைக்குக் கேட்கும்போது, செய்தேன் என்று சொல்வது பொய்யாக இருக்கக்கூடாது. இருக்கிற பொய் போதும் என்று பட்டது. ஆகவே அவர் சொன்னதையெல்லாம் செய்தான். பற்றரியை மேசையில் வைத்துச் சுண்டிவிட்டான். அது பம்பரம் போலச் சுற்றியது. நல்ல பற்றரி தட்டையாகக் கிடக்கும், சுற்றினால் வயிறு ஊதிவிட்டது என்று அர்த்தமாம். போனுக்குள் இருந்த பித்தளைப் பற்களை அழிறப்பரால் தேய்த்தான். குளிர்ப் பெட்டிக்குள் வைத்து எடுக்கச் சொன்னார். வைத்து எடுத்தான்.

"ஃபிரிட்ஜுக்க வைச்சும் சரிவரேல்லையோ?"

"இல்லை மாமி. தண்ணி வேர்த்ததுதான் மிச்சம்."

"முருகேசனுக்கு நாளைக்கு இருக்கு."

ஒரு நாள் அவர் போனைப் பற்றிக் கேட்கவில்லை. திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"தம்பி, மாமி ஒண்டு கேப்பன். கோவிக்கக்கூடாது. ரெண்டு பேரும் சண்டையோ?"

"சீச்சீ, இல்லை மாமி."

"அவள் வாய்க்காரி. எனக்குத் தெரியாதே? நான் பெத்ததுதானே. குரல் இல்லாட்டி முகத்தை ஒருக்காக் காட்டலாம்தானே? நான் கேக்கேக்கையெல்லாம் படுத்திட்டா, குளிக்கிறா எண்டு சொல்லுறியள். உலகத்தில அவளைப்போலக் குளிச்சவள் இல்லை." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "என்னோடதான் கோவமோ தெரியாது. ஒப்பரேசனுக்கு வாறனெண்டு நிண்டவளை, காசைச் சிலவழிச்சு வரவேண்டாமெண்டு நான்தான் மறிச்சனான். அதுக்குத்தான் முகம் காட்டிறாள் இல்லையோ? அப்பிடியெண்டால் அப்பிடி எண்டு ஒரு வரி எழுதச் சொல்லுங்கோ. எனக்கு அது காணும்."

மகள் தன்னை வெறுக்கிறாள் என்று அந்தத் தாய் நம்பத் தொடங்கிவிட்டார். மரணத்தை மறைக்கச் சொன்ன பொய் வேறொரு பக்கத்தால் போய் அவரைக் குத்திக்கொண்டிருந்தது.

அன்றே கனகலிங்கத்துக்குச் சொன்னான். அவர் லூயிஷாமிலிருந்து நேரே வந்துவிட்டார். கோட்டைக் கழற்றாமலே குசினி மேசையருகே கதிரையில் உட்கார்ந்தார். மேசையில் போன் உறுப்பு உறுப்பாகக் கிடந்தது.

"என்னடா இது?"

"திருத்திறன் அத்தான்."

"உனக்கு விசரோ? இது பழுதாக் கிடக்கிறவரைக்கும்தான் எங்களுக்குப் பாதுகாப்பு. திருந்திட்டால் அம்மா எழுதெண்டு நிப்பா. ஆர் எழுதிறது?"

"மாமிக்குச் சொல்லுவம் அத்தான்."

"செக்கப் முடியட்டும்."

"கௌசி கோவத்தில இருக்கிறா எண்டு யோசிச்சு அழுறா."

"அழட்டும். கோவமெண்டு அழுதால் ஆரும் சாக மாட்டினம்."

சொல்லிவிட்டுக் கனகலிங்கம் தானே அழுதார். மூக்கைச் சிந்தினார். பெரிய உடம்பு. கதிரை கிரீச்சிட்டது. பவித்திரன் ஒரு தேநீர் போட்டு வைத்தான். அதை அவர் குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பற்றரியைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"சரி. திருத்து. ஒருவிதத்தில நல்லதுதான். அதின்ர பின் நம்பர் உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்ப திருந்தினவுடன நீயே எழுது. அவள் எழுதிற மாதிரி. 'அம்மா, எனக்குச் சுகம், கோவம் ஒண்டும் இல்லை, மருந்தை ஒழுங்காப் போடுங்கோ' எண்டு. அவ்வளவுதான். செக்கப் வரைக்கும் அப்பப்ப ஒரு வரி. அம்மாவும் நிம்மதியா இருப்பா."

பவித்திரன் அவரை வெறித்துப் பார்த்தான்.

"என்ன பாக்கிறாய்? ஒரு தாயின்ர உயிரைக் காப்பாத்திறதுக்கு. வேற ஆரையும் ஏமாத்தவே?"

வழக்கம்போலத் தலையாட்ட முயன்றான். கழுத்து அசையவில்லை. கனகலிங்கம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கோட்டின் பொத்தான்களைப் போட்டார்.

புதுப் பற்றரி ஒரு சின்னக் காகித உறையில் தபாலில் வந்தது. போட்டுப் பார்த்தான். உயிர் வந்தது. ஆனால் முகப்புப் படம் வரைக்கும் போய், அதிர்ந்து, அணைந்து, மறுபடி முகப்புப் படத்துக்கே வந்தது. அதற்கு மேல் போகவில்லை. இணையத்தில் தேடினான். பழைய போன்களில் வழக்கமாக வருகிற கோளாறுதானாம். அணைத்துவிட்டு, சத்தம் கூட்டும் பொத்தானையும் நடுப் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அமத்தினால் கறுப்புத் திரையில் சில வரிகள் வரும். அதில் தற்காலிகச் சேமிப்பை மட்டும் அழிக்க வேண்டும். அதற்குப் பக்கத்து வரி போனில் இருக்கிற எல்லாவற்றையும் அழித்துவிடும். கவனம்.

அவன் அந்தக் கறுப்புத் திரையைக் கொண்டுவந்த நேரத்தில்தான் மாமியின் அழைப்பு வந்தது.

எடுக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் எடுத்தான். தன் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தான்.

"என்ன தம்பி, குனிஞ்சு நிக்கிறியள்?"

"ஒண்டு செய்து பாக்கிறன் மாமி. விரலை எடுத்தால் பிழைச்சுப்போம்."

"செய்யுங்கோ, செய்யுங்கோ. நான் கதைக்கேல்லை. புனிதா, நீயும் கதைக்காதை." அவள் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. சில நொடிதான் அவரால் பொறுக்க முடிந்தது. "எங்க, எனக்கும் காட்டுங்கோவன்."

காட்டினான். சத்தப் பொத்தானால் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினான். எல்லாவற்றையும் அழிக்கும் வரியில் ஒரு கணம் வெளிச்சக் கோடு நின்றது. பெருவிரல் பவர் பொத்தானின் மேல் இருந்தது. இதை அமத்தினால் முடிந்தது. போன் வெறும் ஓடாகிவிடும். யாரும் எதுவும் எழுத வேண்டியதில்லை. கனகலிங்கத்துக்கும் பதில் சொல்லிவிடலாம்.

விரல் தானாகவே ஒரு வரி கீழே, தற்காலிகச் சேமிப்புக்கு, இறங்கியது. அமத்தினான்.

முகப்புப் படம் வந்தது. அணையவில்லை. மெல்லிய ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. அது சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பூட்டிய திரை வந்தது. கௌசி அதில் வைத்திருந்தது ஒரு பஸ் நேர அட்டவணையின் படம். அதைப் பார்த்ததும் போனை மேசையில் வைத்துவிட்டான். அவளுடைய முகம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான்.

வீட்டு வைஃபையைப் போன் தானாகவே பிடித்துக்கொண்டது. பிடித்ததும் நடுங்கத் தொடங்கியது. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று என்று தகவல்கள் வந்து விழுந்தன. மேசைப் பலகை அதிர்ந்தது. இத்தனை நாளும் தாய் அனுப்பிய காலை வணக்கங்கள், முருகன் படங்கள், "மகள் சாப்பிட்டியோ", "மகள் கோவமோ", எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக.

அங்கே கரவெட்டியில் சிவனேஸ்வரி அம்மா தன்னுடைய போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பியவற்றுக்குப் பக்கத்தில் இதுவரை ஒற்றைச் சரி அடையாளம்தான் நின்றது. போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

"புனிதா! இஞ்ச பார்! ரெண்டு சரி! எல்லாத்துக்கும் ரெண்டு சரி வருது! தம்பி, போய்ச் சேர்ந்திட்டுது! திருத்திப்போட்டியள்!" இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். "நான் உங்களைக் கஞ்சனெண்டு சொன்னதெல்லாம் வாபஸ். கெதியாக் கொண்டுபோய் அவளிட்டக் குடுங்கோ. கதைக்க வேண்டாம். ஒரே ஒரு வரி எழுதட்டும்."

புனிதா திரைக்குள் குனிந்து பவித்திரனை நேரே பார்த்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாக.

"அத்தான்..." என்றாள்.

"அறைக்குள்ள இருக்கிறா. குடுத்திட்டு வாறன் மாமி," என்று பவித்திரனின் வாய் சொன்னது.

பழைய போனோடு படுக்கையறைக்குள் போனான். கட்டிலில் அவளுடைய பக்கம் இன்னமும் விரித்தபடி இருந்தது. நின்றுகொண்டே பின் நம்பரை அமத்தினான். திறந்தது. வாட்ஸ்அப்பில் 'அம்மா' என்று இருந்ததைத் தொட்டான். குசினியிலிருந்து குரல் கேட்டது.

"நீலமாயிட்டுது! வாசிச்சிட்டாள்! புனிதா, வாசிக்கிறாள் பிள்ளை!"

அவன் எழுதும் இடத்தைத் தொட்டான். கனகலிங்கம் சொன்ன வரி மனதில் அப்படியே இருந்தது. எனக்குச் சுகம். கோவம் ஒன்றும் இல்லை. பொய்யாக இருந்தாலும் கௌசி உயிரோடு இருந்தால் அதைத்தான் எழுதுவாள். கோபத்தை அரை நாளுக்கு மேல் வைத்திருக்க அவளுக்குத் தெரியாது. அவள் சார்பில் அந்த ஒரு வரியைச் சொல்வதில் என்ன பிழை? 'அம்மா' என்று எழுதினான்.

"எழுதிறாள்!" குசினியில் கூச்சல். "எழுதிறாள் எண்டு காட்டுது! என்ர பிள்ளை எழுதிறாள்!"

தான் எழுதிக்கொண்டிருப்பது அங்கே தெரியும் என்பதைப் பவித்திரன் யோசித்திருக்கவில்லை. கரவெட்டியில் இந்த நொடி கௌசி உயிரோடு இருந்தாள். அவன் பெருவிரலால் இருந்தாள். விரலை எடுத்தால் மறுபடியும் செத்துப்போவாள். எடுக்காவிட்டால் நாளைக்கும் எழுத வேண்டும். செக்கப்புக்குப் பிறகும் எழுத வேண்டும். என்றோ ஒரு நாள் அந்தத் தாய்க்குத் தெரியவரும்போது, மகள் இரண்டு தடவை செத்திருப்பாள். இரண்டாவது தடவை அவளைக் கொன்றது அவனாக இருக்கும்.

எழுதிய எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தான்.

"நிப்பாட்டிட்டாள்," என்றது குரல். "யோசிக்கிறாளாக்கும். யோசிக்கட்டும், அவசரமில்லை."

பிறகு குசினிக்குத் திரும்பினான். பழைய போனை மேசையில் கவிழ்த்து வைத்தான். கதிரையை இழுத்து, வீடியோவுக்கு நேரே உட்கார்ந்தான்.

"மாமி, குளிசை கிட்ட இருக்கோ?"

"எந்தக் குளிசை?"

"நெஞ்சு நொந்தால் நாக்குக்குக் கீழ வைக்கிறது."

சிவனேஸ்வரி அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அங்கேயே உறைந்து நின்றது. மருமகனின் முகத்தைப் பார்த்தார். பிறகு புனிதா நிற்கும் பக்கம் பார்த்தார். கையை நீட்டினார். புனிதா ஏதோ எடுத்துக் கொடுத்தாள். அதை நாக்குக்குக் கீழே வைத்து வாயை மூடிக்கொண்டு, கண்ணை மூடி, அது கரையும்வரை இருந்தார். ரெய்னர்ஸ் லேன் பக்கம் ஒரு ரயில் போவது கேட்டது.

"இப்ப சொல்லுங்கோ."

"கௌசி இல்லை மாமி."

"எங்க போனவள்? எனக்குத் தெரியும் சண்டை..."

"செத்துப்போனா மாமி. மூளையில ரத்தம் கசிஞ்சு. ஸ்டேசன் படியில விழுந்தவ."

அவன் எதிர்பார்த்த அலறல் வரவில்லை. அவர் தன் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"அப்ப இப்ப எழுதினது ஆர்?"

"நான்."

தலையை மெல்ல அசைத்தார். அதை ஏற்றுக்கொண்டது போலவும் இருந்தது, அதன் பாரம் தெரியாதது போலவும் இருந்தது.

"எப்ப?"

"தைப்பூசத்துக்கு அடுத்த நாள்."

"அண்டைக்கு நான் கோயிலில நிண்டனான்," என்றார். "அவளின்ர பேர் நட்சத்திரத்துக்கு அருச்சனை செய்விச்சுக்கொண்டு நிண்டனான். அவள் செத்துக் கிடக்கிறாள். நான் அய்யர் தந்த பிரசாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டு நிண்டிருக்கிறன்." புனிதாவைத் திரும்பிப் பார்த்தார். "உனக்குத் தெரியுமோ?"

"கனகலிங்கண்ணை சத்தியம் வாங்கினவர் பெரியம்மா," என்று புனிதா விம்மினாள்.

"ஊருக்கும் தெரியுமோ?"

புனிதா விம்மியபடியே தலையாட்டினாள்.

"அதுதான் சங்கக்கடைக்கு நான் போகேக்க பெண்டுகள் கதையை நிப்பாட்டினவையள். நான் ஏதோ என்ர சீலையில பிழையாக்கும் எண்டு குனிஞ்சு பாத்தனான்." குரல் உடையவே இல்லை. உடைய வேண்டிய இடத்தில் அது கட்டியாகி நின்றது. "தம்பி, ஆர் வாய்க்கரிசி போட்டது?"

பவித்திரன் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை.

"நான். அத்தான், அத்தான்ர மனிசி. வந்த எல்லாரும்."

"எல்லாரும்," என்றார். "தாய் மட்டும் போடேல்லை. தாய் இஞ்ச உயிரோட இருந்துகொண்டு, போனைத் தோண்டு, போனைத் தேய் எண்டு கதைச்சுக்கொண்டிருந்திருக்கிறன். எரிச்சாச்சோ?"

"ஓம் மாமி."

"வீடியோ எடுத்திருப்பியளே?"

எடுத்திருந்தார்கள். கனகலிங்கம் ஆள் பிடித்து எடுப்பித்திருந்தார். வெளிநாட்டில் சாவு நடந்தால் ஊரில் உள்ளவர்கள் பார்க்க வேண்டும் என்று எடுப்பது வழக்கம். யாருக்காக எடுப்பிக்கிறாரோ அவருக்கே தெரியக்கூடாது என்றும் சொல்லிக்கொண்டு எடுப்பித்தார். அதன் இணைப்பு பவித்திரனுக்கு வந்திருந்தது. அவன் அதைத் திறந்ததில்லை.

"எனக்குக் காட்டுங்கோ."

"மாமி, பிறகு ஆறுதலா..."

"குளிசை போட்டிட்டன்தானே தம்பி."

மடிக்கணினியைத் திறந்தான். இணைப்பைத் தேடி எடுத்தான். தன் போனைக் கையில் எடுத்து, அதன் கமராவை மடிக்கணினியின் திரைக்கு நேரே பிடித்தான். மண்டபம் வந்தது. பூக்கள் வந்தன. தேவாரம் படிக்கும் குரல் வந்தது. வரிசையில் ஒரு ஆள் மற்றவர்களால் தாங்கப்பட்டு நடந்து வந்தான். சட்டை சரியாக மாட்டப்படாத ஒருவன். அது தான் என்று பவித்திரனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கனகலிங்கத்தின் பெயர் போனின் மேல் பக்கத்தில் வந்து துடித்தது. புனிதாவின் அழுகை கேட்டுப் பக்கத்து வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். அவன் அதை ஒதுக்கிவிட்டான். மறுபடி வந்தது. மறுபடி ஒதுக்கினான்.

பிறகு கமராக்காரர் பெட்டிக்குக் கிட்டப் போனார். கௌசியின் முகம் திரை முழுவதும் வந்தது. பொட்டு கொஞ்சம் பெரிதாக வைத்திருந்தார்கள். அவள் ஒருநாளும் அவ்வளவு பெரிதாக வைத்ததில்லை.

கரவெட்டியில் புனிதா ஓலமிட்டு அழுதாள். சிவனேஸ்வரி அம்மா அழவில்லை.

"அதில நிப்பாட்டுங்கோ," என்றார். "நில்லுங்கோ. வாறன்."

பவித்திரன் நிறுத்தினான். போனில் இப்போது வெறுங்கதிரைதான் தெரிந்தது. அதன் பின்னால் சுவர். உள்ளே எங்கோ ஒரு மூடி திறக்கும் சத்தம் கேட்டது. குழாய்த் தண்ணீர் ஓடியது. நின்றது. நனைந்த கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு அவர் திரும்பி வந்தார். தலைமயிரை அவிழ்த்துவிட்டிருந்தார்.

"புனிதா, அழுறதை விட்டிட்டுப் போனை மேசையில வளத்து," என்றார். புனிதா போனை மல்லாக்கப் படுத்திவைத்தாள். இப்போது படத்தில் முகட்டு ஓடுகளும், குனிந்து பார்க்கும் தாயின் முகமும்தான் இருந்தன. "தம்பி, இன்னும் கிட்டப் பிடியுங்கோ. முகம் மட்டும் தெரியட்டும்."

கிட்டப் பிடித்தான்.

அவர் கையை நீட்டி விரித்தார். உள்ளங்கை வந்து படத்தை மறைத்தது. கண்ணாடியில் ஈர அரிசி விழும் சத்தம், மிக மெல்லிதாக, ரெய்னர்ஸ் லேனில் கேட்டது. திரை இருண்டது. இருட்டுக்குள் அரிசிமணிகளின் இடுக்கால் வெளிச்சம் புள்ளி புள்ளியாக வந்தது.

"போட்டிட்டன் மகள்," என்றது குரல்.

அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. அங்கேயும் இங்கேயும். பவித்திரனின் கை நோகத் தொடங்கியது. அவன் போனை இறக்கவில்லை.